52,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய காரும் அதற்குப் பின் வந்த எட்டு மாதங்களும்

2023 மார்ச் மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. தஞ்சாவூரில் பதினாறு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பியபோது, வாரம் இரண்டு முறை பிசியோதெரபிக்கு அழைத்து வர வேண்டும் என்றும், முதல் ஆறு மாதங்களில்தான் பெரும்பகுதி முன்னேற்றம் கிடைக்கும் என்பதால் ஒரு முறையைக்கூடத் தவறவிடக் கூடாது என்றும் மருத்துவர் சொல்லி அனுப்பினார். எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, கோட்டூர் பக்கம். தஞ்சாவூருக்குப் போய்வர 110 கிலோமீட்டர் ஆகும். அவரைப் பேருந்தில் ஏற்ற முடியாது. வாடகைக் காருக்குக் காத்திருப்பையும் சேர்த்து ஒரு நடைக்கு 1,800 ரூபாய், மாதம் எட்டு நடைக்கு 14,400 ரூபாய். உரக்கடையில் கணக்கு எழுதும் எனக்கு அப்போது மாதச் சம்பளம் 16,000 ரூபாய். மனைவியின் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்து ஒரு பழைய கார் வாங்கிவிடலாம் என்ற முடிவுக்கு நான் வந்தது இப்படித்தான். அந்த முடிவு தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. வாங்கிய விதம்தான் தவறு. எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் பல மாதங்கள் மிஞ்சியிருக்கும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் தேடியது மாருதி 800. 1983இல் வந்து 2014இல் உற்பத்தி நின்றுபோன வண்டி என்றாலும், 796 சிசி கொள்ளளவும் மூன்று சிலிண்டரும் கொண்ட அதன் இன்ஜினைப் பிரித்துப் பார்க்காத மெக்கானிக் டெல்டாவில் எந்தக் கடைத்தெருவிலும் இருக்க மாட்டார். உதிரிபாகமும் மலிவு. ஜூன் கடைசியில், மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்திருந்த நேரம், ஒரு புரோக்கர் 2007 நவம்பரில் பதிவான வெள்ளை நிற வண்டி ஒன்றைக் காட்டினார். விலை 52,000 ரூபாய், அவருக்குக் கமிஷன் 2,000 ரூபாய். நான் போனது மாலை ஆறரை மணிக்கு. வண்டி சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். இருட்டுவதற்குள் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

அந்த அரைமணி நேரத்தில் நான் செய்யத் தவறியவை பல. முதலாவது, நான் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தது. சூடான இன்ஜின் எந்தக் குறையையும் மறைத்துவிடும். விடியற்காலையில், முதல் நாள் இரவிலிருந்து கிளப்பாத நிலையில், பானட்டைத் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கிளப்பச் சொல்ல வேண்டும். அப்போது சைலன்சரில் நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது, வெண்புகை நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது, கரும்புகை வந்தால் பெட்ரோல் அளவுக்கு மீறி எரிகிறது என்று பொருள் கொள்ளலாம். ஆயில் மூடியைத் திறந்து பார்த்து, அதன் உட்புறம் பாலில் கலந்த காப்பியைப் போல ஏதாவது ஒட்டியிருந்தால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3212 என்றிருந்தால் 2012ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்த டயர் என்பது பொருள். என் வண்டியில் நான்கும் பத்து வயதைக் கடந்தவை. பட்டன் தேயாமல் இருந்ததைப் பார்த்து நல்ல டயர் என்று நம்பினேன். ரப்பர் இறுகிப் பக்கவாட்டில் வெடித்திருந்தது மறுநாள் வெளிச்சத்தில்தான் தெரிந்தது.

கடலோரத்தை ஒட்டிய நம் பகுதிக்கென்று தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வண்டி பல ஆண்டுகள் நின்றிருந்தது முத்துப்பேட்டைப் பக்கம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உப்புக்காற்றும் உப்புத் தண்ணீரும் உள்ள ஊரில் நின்ற வண்டிக்குத் துரு கீழிருந்து ஏறும். ஓட்டுநர் காலடியில் விரிப்பைத் தூக்கிப் பார்க்கவும், பேட்டரி தட்டுக்கு அடியிலும் ஜாக்கி வைக்கும் இடத்திலும் திருப்புளியால் குத்திப் பார்க்கவும் ஐந்து நிமிடம் போதும். நான் விரிப்பைத் தூக்கியபோது வண்டி என் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. தகரத்தில் இருந்த உள்ளங்கை அகல ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. கூரையில் தட்டியபோது ஓசை மந்தமாக இருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தென்னை மரம் விழுந்து நசுங்கிய கூரையைப் புட்டி வைத்து நிரப்பிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஒரு சிறிய காந்தத்தைக் கையில் கொண்டுபோயிருந்தால் புட்டி உள்ள இடத்தில் ஒட்டாமல் விழுந்து காட்டிக் கொடுத்திருக்கும்.

இவையெல்லாம் பணத்தால் சரிசெய்யக்கூடியவை. என்னை உண்மையில் முறித்தது காகிதம்தான்.

தனியார் காருக்குப் பதிவு பதினைந்து ஆண்டுகள் செல்லும். அதன் பிறகு ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். இதைத்தான் நாம் எப்.சி. காட்டுவது என்கிறோம். என் வண்டிக்கு 2022 நவம்பரிலேயே பதிவு முடிந்திருந்தது. “எப்.சி. ஒரு வாரத்துல காட்டிடலாம் தம்பி, கையெழுத்துப் போட்ட பார்ம் எல்லாம் ரெடியா இருக்கு” என்று புரோக்கர் சொன்னார். ஆர்.சி. புத்தகத்தோடு பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களையும் கையெழுத்திட்ட நிலையில் கொடுத்திருந்தார். விண்ணப்பத்தை இணையத்தில் பதியப் போனபோது, பதிவு உரிமையாளரின் கைப்பேசிக்கு ஓடிபி போகும், அதைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார் கணினி மையத்துப் பெண். ஆர்.சி. புத்தக உறையில் எழுதியிருந்த எண்ணுக்கு அழைத்தேன். ஒரு வயதான அம்மா எடுத்தார். விவரத்தைச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “அவங்க போய்ச் சேந்து ரெண்டு வருசம் ஆச்சு தம்பி” என்றார்.

இறந்து இரண்டு ஆண்டுகள் ஆனவரின் கையெழுத்து, மூன்று வாரத்துக்கு முன் தேதியிட்ட படிவத்தில் இருந்தது. அந்தக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றபோது என் கை நடுங்கியது. அப்படியே கொடுத்து ஒப்பேற்றிவிடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. கொடுத்திருந்தால் பொய்க் கையெழுத்தைத் தெரிந்தே பயன்படுத்திய குற்றம் என் தலையில் விழுந்திருக்கும். புரோக்கரின் எண் அன்று மாலையிலிருந்து எடுக்கப்படவில்லை. வீட்டில் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் திண்ணையில் உட்கார்ந்து வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் முத்துப்பேட்டைக்குப் போனேன். அந்த அம்மா என்னைச் சந்தேகத்தோடுதான் உள்ளே விட்டார். கணவர் இறந்த பிறகு, சும்மா நிற்கிறதே என்று உறவுப் பையன் ஒருவன் வண்டியை எடுத்துப் போய் விற்று 30,000 ரூபாய் கொடுத்ததாகவும், பெயர் மாற்றம் முடிந்துவிட்டதாக அவன் சொன்னதாகவும் கூறினார். இருவரும் ஏமாந்திருந்தோம். விற்ற பிறகும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்றும், விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அவர் பக்கமே நிற்கும் என்றும் 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதை எடுத்துச் சொன்ன பிறகுதான், பெயர் மாற்றம் எனக்கு வேண்டியிருப்பது போலவே அவருக்கும் வேண்டியது என்பது அவருக்குப் புரிந்தது. பழைய வண்டியை விற்கிறவர்களும் இதை மனத்தில் வைக்க வேண்டும். கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தைக் கொடுத்துவிட்டுச் சாவியை ஒப்படைப்பது உங்கள் வீட்டை அடகு வைப்பதற்குச் சமம்.

இறந்தவர் பெயரில் உள்ள வண்டியை நேராக வாங்க வழியில்லை. முதலில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, 31ஆம் படிவத்தில் வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்றி, மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் எழுத்தில் பெற்று, அதன் பிறகே 29, 30 படிவங்களில் வாங்குபவர் பெயருக்கு மாற்ற வேண்டும். அந்த அம்மாவுக்கு மகள் திருப்பூரில், மகன் சிங்கப்பூரில். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று போய் வாரிசுச் சான்றிதழ் கைக்கு வர அக்டோபர் ஆகிவிட்டது. மகன் பொங்கலுக்குத்தான் வருவதாக இருந்தார். அங்கிருந்தே சான்றொப்பம் வாங்கி அனுப்பலாம் என்று கேட்டுப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒருவன் கேட்பதற்காக அவர் வேலையை விட்டு அலைய வேண்டியதில்லை என்பது எனக்கும் புரிந்தது. காத்திருந்தேன்.

அந்தக் காத்திருப்பைப் பற்றித்தான் எனக்கு எழுதவே கடினமாக இருக்கிறது. பதிவு முடிந்த வண்டியில், காப்பீடும் இல்லாமல், நடக்க முடியாத ஒருவரை ஏற்றிக்கொண்டு மன்னார்குடிச் சாலையில் ஓட்ட எனக்குத் துணிவில்லை. கார் கொட்டகையில் நின்றது. சேமிப்பெல்லாம் அதில் போய்விட்டதால் வாடகைக் காருக்கு வாரம் ஒரு நடைக்குத்தான் பணம் இருந்தது. இரண்டு முறை போக வேண்டிய இடத்துக்கு ஒரு முறை போனோம். பயிற்சியாளர் கற்றுக் கொடுத்ததை வீட்டில் நானும் மனைவியும் செய்வித்தோம், ஆனால் அது அவர் செய்வது போல் இருக்கவில்லை. 28 வாரங்களில் வாடகைக்கு மட்டும் 50,400 ரூபாய் கொடுத்தேன். மருத்துவர் சொன்ன ஆறு மாதம் செப்டம்பரோடு முடிந்தது. இன்று அப்பா கோல் ஊன்றி வாய்க்கால் வரை நடக்கிறார். வலது கை திரும்பவில்லை. எல்லா முறையும் போயிருந்தால் திரும்பியிருக்குமா என்று மருத்துவரிடம் கேட்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

ஆகவே காகிதத்தைப் பற்றி நான் அழுத்திச் சொல்வது இதுதான். மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு எந்தத் தேதி வரை, காப்பீடு எப்போது முடிந்தது, வங்கிக் கடன் பதிவில் நிற்கிறதா என்பவை வீட்டிலிருந்தபடியே தெரியும். கடனை அடைத்தும் 35ஆம் படிவம் கொடுத்து நீக்காமல் விட்ட வண்டிகள் ஏராளம். பதிவு உரிமையாளரை நேரில் பார்க்காமல் முன்பணமும் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரை வண்டியில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் கைப்பேசியில் ஓடிபி வருவதைக் கண்ணால் பார்த்து, விண்ணப்பம் பதிந்த பிறகு பெரும்பகுதிப் பணத்தைக் கொடுத்து, பத்தாயிரமாவது பெயர் மாறி வரும்வரை நிறுத்தி வையுங்கள். இதற்கு ஒப்பாத விற்பனையாளரிடம் வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம்.

மகன் சொன்னபடியே பொங்கலுக்கு வந்தார், ஒரு நாள் முழுவதும் எனக்காக ஒதுக்கினார். அவருடைய அப்பா ஆயில் மாற்றிய தேதிகளை எழுதி வைத்திருந்த நோட்டு ஒன்றையும், மாற்றுச் சாவியையும் அந்த அம்மா எடுத்துக் கொடுத்தார். கடைசிப் பதிவு 2019. புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு 5,000 ரூபாய். அதற்கு முன் 600 ரூபாயாக இருந்தது. தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் வீதம் பதினான்கு மாதத்துக்கு 7,000 ரூபாய். பசுமை வரி, உறுதிமொழிப் பத்திரங்கள், பெயர் மாற்றக் கட்டணங்கள், போக்குவரத்து எல்லாம் சேர்த்துக் காகிதத்துக்கு மட்டும் 17,500 ரூபாய் ஆனது. ஆய்வுக்கு நிறுத்தும் முன் தரைத் தகரத்தை வெட்டி ஒட்டவும் கூரையைத் தட்டிச் சரிசெய்யவும் டிங்கரிங் பட்டறையில் 11,000, நான்கு டயருக்கு 9,200, பேட்டரிக்கு 3,400, மூன்றாம் நபர் காப்பீட்டையும் உரிமையாளர் விபத்துக் காப்பீட்டையும் சேர்த்து 2,900 ரூபாய்.

2024 பிப்ரவரியில் அப்பாவை முன் இருக்கையில் உட்கார வைத்து முதல் முறையாகத் தஞ்சாவூருக்குக் கிளம்பினேன். சம்பா அறுவடை முடிந்து சாலையில் வைக்கோல் பரவிக் கிடந்தது. வடுவூர் ஏரிக்கரையை நெருங்கும்போது வெப்பமுள் சிவப்பைத் தொட்டிருந்ததைக் கவனித்தேன். பிசியோதெரபி நேரம் தவறிவிடுமே என்று மேலும் மூன்று கிலோமீட்டர் ஓட்டினேன். அந்த மூன்று கிலோமீட்டருக்கான விலை, இன்ஜினின் மேல்பகுதியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட். பட்டறையில் பிரித்துப் பார்த்த மெக்கானிக், ரேடியேட்டர் ஃபேனுக்குப் போகும் வயரை எலி கடித்துத் துண்டாக்கியிருந்ததைக் காட்டினார். கொட்டகையில் நின்ற ஏழு மாதத்தில் பானட்டுக்குள் வைக்கோல் கூடு கட்டியிருந்தது. நானோ வாரம் ஒரு முறை கிளப்பி ஐந்து நிமிடத்தில் அணைத்துவிடுவேன். ஃபேன் ஓடும் அளவுக்குச் சூடாக விட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். ரேடியேட்டருக்குள் போர்த் தண்ணீரின் உப்பு படிந்து பாதி குழாய்கள் அடைத்திருந்தன. ஹெட்டுக்கு 8,400, ரேடியேட்டருக்கு 2,600, வயரிங்குக்கு 2,800 ரூபாய்.

முள் ஏறினால் ஏசியை அணைத்து, நிழலில் நிறுத்தி, இன்ஜினை நிறுத்திவிட்டு அரைமணி நேரமாவது காத்திருக்க வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். நம் பகுதிப் போர்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே கூடாது. பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் கூலண்ட் கலந்து ஊற்றுவது ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்ச் செலவு. எலிக்கு வேதாரண்யத்துப் புகையிலைக் காம்பைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார்கள். எனக்கு அது பயன்படவில்லை. இரவில் பானட்டைத் திறந்து வைத்ததில்தான் எலி நின்றது. இருட்டும் கதகதப்பும் இல்லாத இடத்தில் அது கூடு கட்டுவதில்லை. சாலையில் காயும் வைக்கோல் மீது ஏறினால், வீட்டுக்கு வந்ததும் குனிந்து அடியில் பாருங்கள். முன்சக்கர அச்சில் சுற்றிய வைக்கோல் ரப்பர் உறையைக் கிழித்துவிடும், சைலன்சரில் சிக்கியது தீப்பிடிக்கவும் கூடும். இப்போது பம்புகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கு முந்தைய காலத்தில் செய்த ரப்பர் குழாய்களை அது மெல்லக் கெடுக்கும் என்பதால் பெட்ரோல் குழாய்களைச் சென்ற ஆண்டு மொத்தமாக மாற்றிவிட்டேன்.

வண்டியின் விலையிலிருந்து இதுவரை எழுதிய செலவுகளைக் கூட்டினால் 1,11,800 ரூபாய் வருகிறது. 52,000 ரூபாய் வண்டி இரண்டு மடங்குக்கு மேல் விழுங்கியது. அதற்கு வெளியே நிற்கிறது அந்த 50,400. பதிவு செல்லுபடியில் இருந்த, ஒரே உரிமையாளர் ஓட்டிய 800 ஒன்றை அப்போது 80,000 ரூபாய்க்கு வேறொருவர் சொன்னார். விலை அதிகம் என்று நான் பார்க்கக்கூடப் போகவில்லை. வேறொன்றையும் சொல்ல வேண்டும். வாதம் வந்தவருக்கு 800இன் இருக்கை மிகத் தாழ்வு. அப்பாவை ஒவ்வொரு முறையும் இடுப்பில் கைகொடுத்துத் தூக்கித்தான் எழுப்புகிறேன். நோயாளிக்காக வாங்குகிறவர்கள் அவரையே அழைத்துப் போய் ஒருமுறை உட்கார்ந்து எழச் செய்து பார்ப்பது நல்லது.

இதன் பிறகு வண்டி என்னைக் கைவிடவில்லை. ஒரு நடைக்கு ஏழு லிட்டர் பெட்ரோல், எழுநூறு ரூபாய்க்குச் சற்று மேல் ஆகிறது. மாதம் ஆயிரம் ரூபாயை வண்டிக்கென்று தனியாக எடுத்து வைக்கிறேன். 2025 ஆகஸ்டில் இருபது வயதைக் கடந்த கார்களுக்குப் புதுப்பித்தல் கட்டணத்தை 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். அடுத்த முறை எனக்கு அந்தக் கட்டணம்தான் என்பதால் அதையும் அந்த ஆயிரத்திலிருந்தே சேர்க்கிறேன். ஆயில் மாற்றும் தேதிகளை முத்துப்பேட்டை நோட்டிலேயே, அவர் விட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து எழுதி வருகிறேன்.

சென்ற மாதம் கடையில் என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் 60,000 ரூபாய்க்கு ஒரு கார் வந்திருக்கிறது, பார்க்க வாருங்கள் அண்ணே என்று அழைத்தார். காலை ஆறு மணிக்குக் காந்தமும் திருப்புளியுமாகப் போய்ச் சேர்ந்தோம். பானட்டின் மீது கை வைத்தேன், சுட்டது. எதற்காக அதற்குள் கிளப்பினீர்கள் என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. ஆர்.சி.யில் உள்ளவரை எப்போது பார்க்கலாம் என்று கேட்டோம். அவர் வெளியூரில் இருக்கிறார் என்றார்கள். அவர் வந்ததும் சொல்லுங்கள் என்று எண்ணைக் கொடுத்துவிட்டு இருவரும் திரும்பினோம்.